ஏரியில் கொட்டிய டீசலுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி: ஐயா, பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். மூன்று வாரத்துக்கு முன் ராத்திரி ஒரு டேங்கர் லாரி சிறுபாலத்தில் மோதிக் கவிழ்ந்தது. டீசல் வரத்துக்கால்வாயில் இறங்கி, பாதி நிரம்பியிருந்த ஏரிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் ஏரி முழுக்க வானவில் கலரில் படலம். மூன்றாம் நாள் மீன் செத்து மிதந்தது. கால்வாயை ஒட்டிய இரண்டு கிணறுகளில் இப்போதும் டீசல் வாடை. என் தென்னந்தோப்பில் ஓர் ஓரமும் நனைந்தது. பார்க்க வந்த அதிகாரி ஒருவர், "படலம் போய்விட்டது, இனிமேல் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரிக்காரர் தரப்பில் ஒருவர் வந்து, மீன் குத்தகைக்காரருக்கு இவ்வளவு, கிணற்றுக்காரர்களுக்கு இவ்வளவு என்று பேசி, ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார். ஊரில் பாதிப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் எண்ணெய் கொட்டினால் பறவைக்குக்கூட விலை போடுவார்களாமே, நம் ஏரிக்கு அப்படிக் கணக்குப் போட வழி உண்டா? இந்தப் பக்கத்துத் தண்ணீர் தோல் பதனிடும் டேனரிகளால் ஏற்கெனவே கெட்டதுதானே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயக்கட்டு விவசாயி

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கணக்குக்குப் போகும் முன் ஒன்று. வாடை வரும் அந்த இரண்டு கிணறுகளிலும் யாரையும் இறங்க விடாதீர்கள். மோட்டாரும் போட வேண்டாம். கிணற்றுக்குள் ஆவி தேங்கி நிற்கும்; இறங்குகிறவருக்கு மூச்சு முட்டும், சுவிட்சில் வரும் ஒரு பொறிக்குப் பற்றவும் பற்றலாம். எண்ணெய் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்க்கும் வீரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். மோட்டார் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டீசல் தண்ணீரைவிட லேசானது. மண்ணுக்குள் இறங்கிய டீசல் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதந்தபடி கிடக்கும். கிணற்றை இறைத்தால் சுற்றுவட்டாரத்து நீர்மட்டம் கிணற்றை நோக்கிச் சரியும், மிதக்கிற டீசலும் கூடவே வந்து சேரும். பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் இதைச் சொல்லுங்கள். குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வழி உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். கிணறு, தோப்பு, மீன் குத்தகை எல்லாம் தனியாள் இழப்பு. அதைக் கேட்க அந்தந்த ஆள் இருக்கிறார். ஏரித் தண்ணீர், கால்வாய் மண், நிலத்தடி நீர், அங்கே மேய வரும் கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் பொதுச்சொத்து. இதைக் கேட்க ஆள் இல்லாததால்தான் பேரம் பேச வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் நீட்டுகிற பேப்பரைப் படித்துப் பாருங்கள். தருகிற பணம் முதல் கணக்குக்கு மட்டும்தான் இருக்கும். "இந்த விபத்து சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியோ இரண்டையும் சேர்த்து மூடிவிடும்.

அமெரிக்கக் கதை சுவாரஸ்யமானது, நமக்கு அதில் வேண்டியது ஒரு பகுதிதான். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி, ஏறக்குறைய நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. செத்த பறவைக்கு என்ன விலை, யாரும் விற்காத கடற்கரைக்கு என்ன விலை என்று அங்கேயும் முட்டிக்கொண்டார்கள். 1991இல் 90 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. "இப்படி இன்னொன்று நடக்காமல் தடுக்க உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தருவீர்கள்?" என்று மக்களிடம் கேட்டு நடத்திய ஆய்வோ 280 கோடி டாலர் என்றது. அப்படிக் கேட்டு வாங்கிய தொகையை நம்பலாமா என்று பெரிய சண்டை. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பொருளாதார அறிஞர்கள் தலைமையில் ஒரு குழுவே உட்கார்ந்து 1993இல் அறிக்கை தந்தது. இதற்கிடையே 1990இல் எண்ணெய் மாசுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1996இல் அதற்கான மதிப்பீட்டு விதிகள் வந்தன. அந்த விதிகள் கேள்வியையே மாற்றிவிட்டன. பறவைக்கு என்ன விலை என்று அவை கேட்பதில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவர என்ன வேலை செய்ய வேண்டும், அதுவரை ஊர் இழப்பது எவ்வளவு, அந்த இடைக்கால இழப்பை ஈடுகட்ட வேறென்ன வேலை செய்யலாம், இந்த மூன்றையும் செய்து முடிக்க என்ன செலவாகும் என்று கேட்கின்றன. 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் 87 நாள் எண்ணெய் பீறிட்ட விபத்துக்கு, இயற்கை வளச் சேதம் என்ற ஒரு தலைப்பில் மட்டும் 2016இல் 880 கோடி டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. அதுவும் பெரும்பாலும் இந்த வழியில் போட்ட கணக்குதான். உங்கள் ஏரிக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். சட்டம் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் எவ்வளவு டீசல் கொட்டியது என்று தெரிய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பேப்பரில்தான் தெரியும். லாரி ஏற்றிய இடத்து இன்வாய்ஸில் எந்த அறையில் எத்தனை லிட்டர் என்று இருக்கும். கவிழ்ந்த லாரியிலிருந்து இன்னொரு லாரிக்கு மாற்றியிருப்பார்கள், அதற்கும் டிப் ராடு வைத்து அளந்த கணக்கு இருக்கும். உதாரணத்துக்கு, ஏற்றியது 12,000 லிட்டர், மாற்றியது 7,500, அடியில் தங்கியது 500 என்றால் கொட்டியது 4,000 லிட்டர். இந்த மூன்று எண்களையும் போலீஸ் எஃப்.ஐ.ஆர்., தீயணைப்புத் துறை அறிக்கை, இன்வாய்ஸ் நகல் வழியாகப் பிடியுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வைக்கோல், தேங்காய் நார் போட்டு உறிஞ்சி எடுத்திருந்தால் அதை எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை மூட்டை என்பதையும் எழுதி வையுங்கள். யாராவது சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றிப் படலத்தைக் கலைத்திருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். அது எண்ணெயைத் தண்ணீருக்குள் அனுப்பி மீனுக்கு இன்னும் கெடுதல் செய்திருக்கும்.

இப்போது அதிகாரி சொன்ன "படலம் போய்விட்டது" என்பதைப் பார்ப்போம். வானவில் கலரில் தெரியும் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சில இடத்தில் கொஞ்சம் குறைவு, சில இடத்தில் நாலைந்து பங்கு. ஏரியில் தண்ணீர் நிற்கும் பரப்பு 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 16 ஹெக்டேர். அது முழுவதும் அந்தக் கனத்தில் படலம் விரிந்தாலும் மொத்தம் 160 லிட்டர்தான் வரும். மேலே சொன்ன உதாரணத்தில் கொட்டியது 4,000 லிட்டர். மிச்சம் எங்கே? கொஞ்சம் வெயிலில் ஆவியாகியிருக்கும், நம் வேலூர் வெயிலுக்கு அது நன்றாகவே நடக்கும். மற்றது கால்வாய் மண்ணிலும், முகப்பில் இருக்கும் கோரையிலும், ஏரி வண்டலிலும், கிணற்றுப் பக்கத்து நிலத்தடியிலும் இருக்கிறது. பாலாற்றை ஒட்டிய மணல் கலந்த மண்ணில் எண்ணெய் சீக்கிரம் கீழே இறங்கும். மேலே பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் கீழேயும் இல்லை என்று ஆகிவிடாது. அந்த அதிகாரி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வந்தவர் கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்ததுதான் முக்கியம், உங்கள் கடைசிக் கேள்வியும் அதுவே. சேதம் என்பது வித்தியாசம். விபத்து நடக்காமல் இருந்திருந்தால் இன்று ஏரி எப்படி இருந்திருக்குமோ, அதற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள இடைவெளிதான் சேதம். அதனால் முன்நிலை தெரியாமல் ஒரு கணக்கும் நிற்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக டேனரிக் கழிவால் கிணறுகள் உப்பாகிக் கிடப்பது ஊரறிந்த விஷயம், எதிர்த்தரப்பு வக்கீலும் அதைத்தான் முதலில் எடுப்பார். பயப்பட வேண்டாம். முன்நிலை சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏற்கெனவே கடனில் இருக்கும் வீட்டில் திருட்டுப் போனால், "நீங்கள்தான் முன்பே கடனாளி ஆயிற்றே" என்று திருடன் தப்பிக்க முடியுமா? டேனரி விட்டுச் சென்றது உப்பு, குளோரைடு, குரோமியம். லாரி விட்டுச் சென்றது பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். லேபில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும், ஒன்று இன்னொன்றை மறைக்காது.

ஆனால் இதிலேயே உங்கள் ஊருக்கு ஓர் ஆசை வரும், அதைத்தான் நான் கண்டிப்பாகத் தடுக்க விரும்புகிறேன். கேட்கிறதுதான் கேட்கிறோம், முப்பது வருஷமாகக் கெட்டுக் கிடக்கும் கிணற்றுக்கும் சேர்த்துக் கேட்போம் என்பார்கள். மனுவில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 3,000 என்று ஒரு வரி எழுதினாலே போதும், முழு மனுவும் சந்தேகத்துக்கு ஆளாகும். டீசலால் டி.டி.எஸ். ஏறாது. அந்தப் பழைய வழக்கு வேறு, அதற்கு வேறு வரலாறு இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் டேனரி மாசு பற்றிய நம் வேலூர் வழக்கில்தான் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே நிறுத்தியது. அதன்பேரில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 186 கிராமங்களைச் சேர்ந்த 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. சேத மதிப்பீடு வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தொகை ஆட்களுக்குப் போட்ட கணக்கு. பாலாற்றை மீட்கும் வேலை அப்படியே நின்றது. 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உச்ச நீதிமன்றமே, இன்னும் கிடைக்காதவர்களுக்கு இழப்பீட்டைக் கொடு, ஆற்றைச் சீர்செய் என்று சொல்ல வேண்டியிருந்தது. முன்பு சொன்ன இரண்டாவது கணக்கை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முன்நிலையை எங்கே தேடுவது? உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விஏஓவிடம் இருக்கும் அடங்கலில் எந்தப் பருவத்தில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று இருக்கும். மீன் ஏல ரசீது, குஞ்சு வாங்கிய ரசீது, பால் சங்கத்து அட்டை, பஞ்சாயத்துக் குடிநீருக்கு முன்பு செய்த பரிசோதனைத் தாள், நீர்வளத்துறையின் கண்காணிப்புக் கிணறு பக்கத்தில் இருந்தால் அதன் அளவுகள். பையன்கள் ஏரிக்கரையில் நின்று எடுத்த செல்ஃபியைக்கூட விடாதீர்கள். பின்னால் தெரியும் கோரை எவ்வளவு பச்சை, தண்ணீர் எந்தக் கல் வரை என்று அதில் தேதியோடு பதிவாகியிருக்கும்.

இதையெல்லாம்விட வலுவான சாட்சி பக்கத்து ஏரி. நம் பக்கத்தில் ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். கவிழ்ந்த இடத்துக்கு மேலே, அதே ஆற்றுக்கால்வாயிலிருந்து தண்ணீர் வாங்கும் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். ஆழம், மீன் வளர்ப்பு, கரையோர விவசாயம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கும் அதே மழை, அதே வெயில், அதே டேனரி உப்பு. டீசல் மட்டும்தான் போகவில்லை. உங்கள் ஏரியில் எடுக்கும் ஒவ்வொரு அளவையும் அதே நாளில் அங்கேயும் எடுங்கள். "வெயிலில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் செத்தது" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அதே வெயிலில் மேல் ஏரியில் ஒரு மீனும் சாகவில்லை என்று காட்டலாம். எனக்குத் தெரிந்து ஒரு வழக்கை நிறுத்த இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் இதைச் செய்வதில்லை, எல்லாரும் கெட்ட ஏரியையே சுற்றிச்சுற்றிப் படம் எடுக்கிறார்கள்.

மாதிரி எடுப்பதில் நம்மவர்கள் செய்யும் தப்பு தண்ணீர் பாட்டில். பிஸ்லேரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிளாஸ்டிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், லேபுக்குப் போகும்போது தண்ணீரில் குறைந்திருக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி வேண்டும், ஒரு லிட்டர் அளவு. லேபிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டில் பழக்கம் என்று ஏரித் தண்ணீரால் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டுப் பிடிக்காதீர்கள். அலசும்போது சுவரில் ஒட்டிய எண்ணெயும் சேர்ந்து கணக்கு ஏறிவிடும், அதைச் சொல்லியே அறிக்கையைத் தள்ளிவிடுவார்கள். வாளியில் மொண்டு ஊற்றக் கூடாது, புட்டியையே முக்கிப் பிடிக்க வேண்டும். பென்சீன் வகையறாவுக்கு மட்டும் சின்னக் குப்பி. அதில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். கால்வாய் வந்து விழும் இடம், ஏரி நடு, மதகுப் பக்கம், இரண்டு கிணறு, கவிழ்ந்த இடத்துக்கு மேலே கால்வாயில் ஒன்று, மேல் ஏரியில் ஒன்று. வண்டலையும் எடுக்க வேண்டும், மேல்படியில் ஒன்று, ஒரு சாண் ஆழத்தில் ஒன்று. ஒவ்வொரு புட்டியிலும் இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, விஏஓ முன்னிலையில் சீல் வைத்து, லாரிக்காரர் தரப்பையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வரவில்லை என்றால் கூப்பிட்ட கடிதத்தின் நகல் போதும்.

லேபில் "எண்ணெய், கிரீஸ்" என்ற ஒரே சோதனையோடு விட்டுவிடாதீர்கள். அதில் சமையல் எண்ணெய், மாட்டுக்கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரும். காய வைத்து எடை பார்க்கும்போது டீசலின் லேசான பகுதி ஆவியாகியும் போய்விடும், ஆக உங்களுக்கு எதிராகவே எண் குறையும். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பல வளைய நறுமண ஹைட்ரோகார்பன், பென்சீன் வகையறா மூன்றையும் கேளுங்கள். லேபுகளுக்குத் தரும் என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகாரம் அந்தந்தச் சோதனைக்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கனிம எண்ணெய் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பல வளைய ஹைட்ரோகார்பன் 0.0001 மில்லிகிராம். கிணற்றுக்காரர்களுக்கு இந்த இரண்டு எண்ணும்தான் அளவுகோல். இன்னொன்று, லாரி இன்னும் ஸ்டேஷனில் நின்றால் அதன் டேங்கில் மிச்சமிருக்கும் டீசலிலும் ஒரு புட்டி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எண்ணெயில் கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் ஓட்டினால் அதன் ரேகையும் ஏரி வண்டலின் ரேகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். "யாரோ டீசல் இன்ஜினில் ஒழுகியது" என்ற கதைக்கு அதுதான் பதில்.

மீன் கணக்கு. மிதந்ததை மட்டும் எண்ணாதீர்கள். செத்ததில் ஒரு பகுதி மூழ்கும், ஒரு பகுதியைக் காக்கையும் நாயும் கொண்டுபோகும், ஒரு பகுதியை நம் ஆட்களே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு எத்தனை என்ற ரசீதிலிருந்து தொடங்கி, வழக்கமாக எத்தனை பிழைக்கும், இப்போது வலை வீசினால் எத்தனை வருகிறது என்று இறங்கி வாருங்கள். உயிரோடு இருக்கும் மீனில் டீசல் வாடை இருந்து சந்தையில் எடுக்க மறுத்தால் அதுவும் இழப்புதான், வியாபாரியிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். தென்னைக்கு அவசரப்பட வேண்டாம். வேரில் பட்ட எண்ணெய் மட்டையில் தெரியச் சில மாதம் ஆகும். நனைந்த ஓரத்து மரங்களுக்கும், நனையாத பக்கத்தில் அதே வயதுள்ள அதே எண்ணிக்கை மரங்களுக்கும் பெயின்ட்டில் நம்பர் போட்டு, ஒவ்வொரு பறிப்பிலும் காய் எண்ணி நோட்டில் எழுதுங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் ஒருமுறை காட்டி அதில் கையெழுத்து வாங்கினால் அந்த நோட்டுதான் உங்கள் ஆவணம்.

இனி ஏரிக்கான கணக்கு. இதில் பணத்துக்கு முன் காலம் வருகிறது. ஏரி ஒரே நாளில் கெட்டது, தேற வருஷமாகும். மறுபடியும் 40 ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். மீன் பெருகுதல், பறவை மேய்ச்சல், கோரை, பாசனம் எல்லாம் சேர்த்து ஏரி செய்யும் வேலையில் பாதி விபத்தன்று போய்விட்டது, இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடும் என்று ஆய்வில் வந்ததாக வையுங்கள். சராசரியாகக் கால்பங்கு வேலை, 40 ஏக்கரில், இரண்டு வருஷம். ஆக இழப்பு 20 ஏக்கர்-ஆண்டு. கெட்ட ஏரியைச் சுத்தம் செய்து கொடுத்தாலும் இந்த 20 திரும்பி வராது. அதற்கு ஈடாகத் தூர்ந்து கிடக்கும் ஒரு குட்டையையோ வரத்துக்கால்வாய்க் கரையையோ சீர்செய்து, அங்கே கால்பங்கு கூடுதல் வேலை பத்து வருஷத்துக்குக் கிடைக்கும்படி செய்தால், 8 ஏக்கர் சீர்செய்ய வேண்டும். பின்னால் வரும் பலன் இன்றைய பலனைவிட மதிப்புக் குறைவு என்பதால், வருங்காலப் பலனுக்கு வருஷம் 3 சதவீதம் தள்ளுபடி போடுவது வழக்கம். போட்டால் இன்னும் ஓர் ஏக்கர் சொச்சம் கூடும். அந்தக் குட்டையைத் தூர்வாரக் கரை கட்ட என்ன செலவு என்று நீர்வளத்துறையின் விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடலாம். பறவைக்கு விலை என்னவென்று நீதிமன்றத்தில் யாரும் தடுமாற வேண்டாம். இதில் 'பாதி', 'இரண்டு வருஷம்' என்பவை நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஏரிக்கு அவற்றைச் சொல்ல வேண்டியது மாதிரிகளும் மேல் ஏரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும்தான்.

நிவாரணத்தையும் மதிப்பீட்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது நினைவிருக்கும். (அங்கே போய் விழும் கொசஸ்தலை ஆறு நம் பழைய வடாற்காட்டு நீர்ப்பிடிப்பிலிருந்து போவதுதான்.) மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு கொடுத்தது. அடுப்பு எரிய அது வேண்டியதுதான். ஆனால் அலையாத்திக்கும் சேற்றுக்கும் என்ன ஆனது என்பதற்கு அது பதில் ஆகாது.

சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாகவே சொல்கிறேன், வக்கீலிடம் பேசத்தான் போகிறீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 15ஆம் பிரிவில் மூன்றைக் கேட்கலாம்: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, கெட்ட சொத்தைச் சீர்செய்தல், அந்த இடத்தின் சூழலை மீட்டுக் கொடுத்தல். ஐந்து வருஷம் வரை அவகாசம். விபத்தென்றால் லாரிக்காரர் தப்புச் செய்தாரா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியதில்லை, 17ஆம் பிரிவு பார்த்துக்கொள்ளும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பயிர், மரம், கறவை மாடு, நீர்வாழ் உயிர், மண், தண்ணீர் என்று தலைப்புகள் இருக்கின்றன. உங்கள் பட்டியலை அந்தத் தலைப்புகளிலேயே பிரித்துப் போடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூழல் சேதத்துக்கென்று தீர்ப்பாயம் விதிக்கும் பணம் ஊருக்கு வராது, சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குப் போகும். அதனால் ஏரிக்காகப் பணம் கேட்பதைவிட, இன்ன குட்டை, இன்ன கால்வாய், இன்ன வேலை என்று மீட்பு உத்தரவு கேளுங்கள். ஏரி யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்: ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்களையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரையும் சேர்த்துக் கூட்டு ஆய்வு நடத்தச் சொல்லிக் கலெக்டருக்கு மனு கொடுங்கள், திங்கட்கிழமை மனுநாளிலேயே கொடுக்கலாம். பணம் எங்கிருந்து வரும் என்ற கவலைக்கு: அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்குச் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் போக, 1991ஆம் வருஷத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி இன்னொரு பாலிசியும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. இரண்டு பாலிசியின் நகலையும் கேளுங்கள். பேச வந்தவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது அப்போது புரியலாம்.

பணம் இப்போது தேவைப்படும் ஆட்கள் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. மீன் குத்தகைக்காரர் கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருப்பார், அவரைக் காத்திரு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பேப்பரை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன தேதி வரைக்குமான மீன் இழப்புக்கு முன்பணமாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன், மற்ற உரிமைகள் பாதிக்கப்படாது." ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்கள் வாங்க வந்தது எதை என்று ஊருக்கே தெரிந்துவிடும். வாங்கிய தொகையைத் தீர்ப்பாயத்தில் மறைக்கவும் கூடாது, வேறெங்கு என்ன வாங்கினாலும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது நிறைய இருந்தாலும், இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டியது ஒன்று. மேல் ஏரியைப் பற்றிச் சொன்னேன், உங்களுக்குக் கீழே இருக்கும் ஏரியை மறந்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்து உங்கள் ஏரி கோடி போனால், கோரையிலும் வண்டலிலும் ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு அடுத்த ஊருக்குப் போகும். போகும் முன் அங்கே தண்ணீரிலும் வண்டலிலும் மாதிரி எடுத்து வைத்துவிட்டால் அவர்களுக்கு முன்நிலை கையில் இருக்கும். அந்த ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள், லேப் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.